ஏழாம் சந்தியின் முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் அகலம். அந்தத் தீப்பெட்டி அகலத்தை மூன்று நாள் முழுக்கத் தலையில் வைத்துக் கூவினார் மில்லிமீட்டர் அக்கா. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. சுரங்கத்தில் பதினேழு ஆண்டுகளாக இந்தப் பெயர்தான். வயது நாற்பத்தாறு. பதவி, அளவு உதவியாளர். பாறை இன்ஜினியருக்கு உதவ வேண்டும். அந்த இன்ஜினியரின் நாற்காலி எட்டு மாதமாகக் காலி. நான்கு வருடத்துக்கு ஒருவர் வருவார், பெரிய நகரத்தில் வேலை கிடைத்ததும் கிளம்புவார், போகும்போது "அதான் நீங்க இருக்கீங்களேக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். இதுவரை நான்கு பேர் அப்படிச் சொல்லியாகிவிட்டது.

அவர் சேர்ந்தது ஸ்டோர் அறையில். போல்ட் பெட்டிகளை எண்ணிக் கொடுக்கும் வேலை. ஒருநாள், ஒரே ஒரு பாதைக்கு மட்டும் ஏன் மற்ற பாதைகளைப் போல இரண்டு மடங்கு போல்ட் போகிறது என்று சும்மா கேட்டு வைத்தார். அப்போதிருந்த இன்ஜினியர் எண்ணிப் பார்த்து, மறுநாளே அந்தப் பாதையை மூடினார். அதற்கு அடுத்த நாள் இவர் கையில் ஒரு நோட்டும் அளவுகோலும் டார்ச்சும் கொடுத்துக் கீழே அனுப்பினார். வாயைக் கொடுத்து வேலையை வாங்கிக்கொண்ட கதை.

அவர் அளப்பது சுரங்கத்தின் கூரையை. நிலத்துக்கு முந்நூறு மீட்டர் கீழே, ஐந்து மீட்டர் அகலத்தில், குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய பாதைகள். தலைக்கு மேலே பாறை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். அடியில் தோண்டிவிட்டால் கீழ்ப்பக்கங்கள் தொய்யத் தொடங்கும். அதனால் இரண்டரை மீட்டர் நீள இரும்பு போல்ட்டுகளை மேல்நோக்கி ஏற்றி, அடுக்குகளைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தைத்தாலும் கொஞ்சம் தொய்யும். எவ்வளவு என்று தெரிய, பாதைகள் குறுக்கிடும் ஒவ்வொரு சந்தியிலும் கூரைத் துளையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குச்சி தொங்கும். தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'நாக்கு'.

நாக்கின் கம்பி ஐந்து மீட்டர் மேலே, அசையாத பாறையில் கட்டப்பட்டிருக்கும். கூரை இறங்க இறங்க நாக்கு துளைக்குள் போகும். அதில் மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. பதினைந்து மில்லிமீட்டர் இறங்கினால் பச்சை மறையும். இருபத்து நாலு இறங்கினால் மஞ்சளும் மறைந்து சிவப்பு மட்டும் எஞ்சும். சிவப்பு மட்டும் தெரிந்தால் எல்லாரும் வெளியே. சின்னப் பிள்ளைக்கும் புரியும் ஏற்பாடு. புரிந்ததுதான் வம்பாகிவிட்டது என்பார் அக்கா. நிறம் புரிந்த பிறகு எண் யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த வேலை அவரைச் சும்மா விட்டுவைக்கவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் தூண் பக்கமாகத்தான் உட்காருவார். வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு விரிசல். அதன் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, நான்கு வருடமாகக் கவனித்து வருகிறார். "மத்த வீட்ல பிள்ளைங்க உயரத்தச் சுவத்துல எழுதுவாங்க, எங்க வீட்ல விரிசல் வளர்றத எழுதறோம்" என்று பஸ் டிரைவரான அவர் கணவர் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லுவார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். விரிசல் ஒன்றே கால் மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது.

ஏழு மாதம் முன்பு, புதிதாகத் திறந்த கீழ்த்தளத்துக்கு அவரை அனுப்பினார்கள். மேல்தளத்துக் கூரையை யார் பார்ப்பது? தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் மேற்பார்வையாளர் ஒவ்வொரு சந்தியின் நாக்கையும் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் அடித்தால் போதும். படிவம் அழகாகத்தான் இருந்தது. எண் எழுத அதில் இடமில்லை.

கீழ்த்தள வேலை முடிந்து, ஒரு திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு ஏழாம் சந்திக்குத் திரும்பி வந்தார் அக்கா. வந்தவருக்குக் கண்ணில் பட்டது ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு முன்னால் மேஜை. மேஜை மேல் கெட்டில். தலைக்கு மேலே இரண்டு டியூப் லைட். ஆறு பேர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா! உங்களக் கீழயே வெச்சுப் பூசிட்டாங்கன்னு நெனச்சோம்," என்றான் லோடர் ஓட்டுபவன். வாய் ஓயாத ஆள். பெயர் ரேடியோ.

"இங்க எதுக்குய்யா பெஞ்சு போட்டீங்க?"

"காத்து வருதுக்கா, நாலு பக்கமும். வெளிச்சம் இருக்கு. கால நீட்டி உக்காரலாம், அவ்ளோ அகலம்."

"அந்த அகலத்தத்தான்யா கேக்கறேன்! அஞ்சு மீட்டர் பாதை ரெண்டு குறுக்க வந்தா, மூலைக்கு மூலை ஏழு மீட்டர். நடுவுல தாங்க ஒண்ணும் கெடையாது. சுரங்கத்துலயே மோசமான கூரை எங்கன்னு தேடிப் புடிச்சு, அதுக்கு நேர் கீழ டிபன் பாக்ஸத் தொறந்திருக்கீங்க."

"இங்கதாங்க்கா போல்ட்டு ஜாஸ்தி. மேல பாருங்க, முள்ளம்பன்னி மாதிரி. இதவிடப் பத்திரமான எடம் எது?"

"ஆஸ்பத்திரில எவனுக்கு அதிகமா கட்டுப் போட்டிருக்கோ, அவன்தான் இருக்கறதுலயே நல்லா இருக்கானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கெட்டில் கொதித்தது.

அக்கா டார்ச்சை மேலே அடித்தார். நாக்கு பளபளவென்று தொங்கியது. பச்சை நன்றாகத் தெரிந்தது. அளந்தார். நான்கு மில்லிமீட்டர் இறக்கம். நல்ல செய்தி. நல்ல செய்தி வந்தால் இரண்டாம் தடவை பார்ப்பது அவர் வழக்கம். நாக்கின் அடியில் ஒரு உலோக வில்லையில் எண் இருக்கும். நூற்று எண்பத்தேழு. பழைய நோட்டைப் புரட்டினார். ஏழாம் சந்தி: நூற்றுப் பன்னிரண்டு.

"இந்த நாக்க யாரு மாத்தினது?"

ஐந்து பேரும் ஆறாவது ஆளைப் பார்த்தார்கள். போல்ட் குழுவின் மேஸ்திரி. வீட்டில், கணவரின் தம்பி.

"நான்தான் அண்ணி," என்றான் கொழுந்தன். குரலில் பெருமை. "பச்ச கொஞ்சம் கொறையுதுன்னு பாத்தவுடனே வந்து போல்ட் சேத்து அடிச்சிருவோம். மஞ்ச வர்ற வரைக்கும் காத்திருக்கவே மாட்டேன். அப்படியே நாக்கயும் புதுசா மாட்டிருவேன். பழசு தூசி புடிச்சு, பாக்கவே அசிங்கமா இருக்கும்."

"எத்தன தடவ மாட்டின?"

"இங்க மூணு தடவ."

"புதுசு எங்கேருந்து எண்ணும்?"

"இதென்ன கேள்வி? பூஜ்யத்துலேருந்துதான்."

"அப்ப அதுக்கு முன்னாடி எறங்கினதெல்லாம்?"

கொழுந்தன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "அதுக்குத்தான் போல்ட் அடிச்சாச்சே அண்ணி."

"தேஞ்சுபோன பஸ்ல கிலோமீட்டர் கணக்கப் பூஜ்யத்துக்குத் திருப்பி வெச்சா பஸ் புதுசாயிடுமா தம்பி? உங்க அண்ணனக் கேளு, சொல்லுவாரு."

"என் வேலையில கொற சொல்றீங்களா?" என்றான் அவன்.

இந்த இடத்தில் கொழுந்தனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சோம்பேறி மேஸ்திரியாக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. நாக்கை அப்படியே விட்டிருப்பான், அது என்றைக்கோ சிவப்பாகியிருக்கும், சந்தியை மூடியிருப்பார்கள். இவனோ சுத்தக்காரன். செருப்பைக்கூட ஜோடி சேர்த்து, நுனி வாசலைப் பார்க்கும்படி விடுகிற ஆள். அவன் அடித்த போல்ட் வரிசையில் நூல் பிடித்துப் பார்க்கலாம். அந்தச் சுத்தம்தான் கூரை சொன்ன ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது.

"பழைய நாக்கெல்லாம் எங்க?" என்று கேட்டார் அக்கா.

"வீட்ல இருக்கு. நல்ல பிளாஸ்டிக், தூக்கியா போடுவாங்க?"

கொழுந்தன் குடும்பம் அதே கட்டடத்தில் மாடியில் இருக்கிறது. அன்று மாலை ஐந்து மணிக்கு அக்கா படியேறினார். கதவைத் திறந்தது ஓரகத்தி. "ரெண்டு பேரும் சுரங்கத்தச் செருப்போட வெளியில விட்டுட்டு வாங்க. வந்ததுலேருந்து உர்ருன்னு இருக்காரு," என்றாள். அக்கா நேராகப் பால்கனிக்குப் போனார்.

அங்கே தக்காளித் தொட்டிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருந்தன. மூன்று தொட்டிகளில் செடிக்கு முட்டுக்கொடுத்து நின்றவை ஏழாம் சந்தியின் நாக்குகள். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று நாற்பத்து மூன்று. நூற்று அறுபத்தாறு. வில்லைகள்கூடக் கழற்றப்படவில்லை.

அக்கா மண்டியிட்டு, இலைகளை ஒதுக்கி, டார்ச் அடித்தார். கூரையில் தொங்கும்போது நாக்கின் வெளிப்பகுதியில் பாறைத்தூசி அப்பி, தண்ணீர் பட்டாலும் போகாதபடி சிமெண்ட் போல இறுகிவிடும். துளைக்குள் போகிற பகுதியை, துளை வாயில் பதித்த குழாயின் விளிம்பு வழித்துச் சுத்தமாக்கிவிடும். எவ்வளவு வழித்திருக்கிறதோ அவ்வளவு இறக்கம். கோடு மூன்றிலும் கத்தியால் கீறியது போல் இருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. பதினொன்று. இப்போது தொங்குவதில் நான்கு.

முப்பத்தெட்டு. சிவப்புக்கு வேண்டியது இருபத்து நான்கு.

"தக்காளி வேணும்னா பறிச்சுக்கோங்கக்கா," என்றாள் ஓரகத்தி.

கொழுந்தன் அறைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா மேனேஜர் அறையில் நின்றார். மேனேஜர் கெட்டவர் கிடையாது. இரண்டு போன், மூன்று கம்ப்யூட்டர் திரை, எந்நேரமும் ஒருவர் வாசலில். சந்தியை மூடும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். அக்கா நோட்டை நீட்டினார். மேனேஜர் நோட்டைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

"ஏழாம் சந்தி... ஏழு மாசமும் பச்சைதானே காட்டுது? ஒரு நாள்கூட மஞ்சள் இல்லையே."

"அதான் சார் பிரச்சினையே."

"பச்சையா இருக்கறது பிரச்சினையா?"

"நாலு நாக்கு சார். ஒவ்வொண்ணும் பச்சையாவே முடிஞ்சிருக்கு. கூட்டிப் பாத்தா முப்பத்தெட்டு."

"கூட்டணும்னு படிவத்துல எங்க இருக்கு?"

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "இல்ல சார். அதையும்தான் சொல்றேன்."

"இந்த எண்ணெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

அக்காவுக்கோ பொய் சொல்லத் தெரியாது. "தக்காளித் தொட்டியிலேருந்து சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். வாசலில் நின்றவர் இருமினார். ஆனாலும் மேனேஜர் விரட்டவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒன்பதாவது பொருளாகச் சேர்ப்பதாகச் சொல்லி, எழுதியும் வைத்துக்கொண்டார். எட்டாவது பொருள், வாகன நிறுத்துமிடத்துக்கு வெள்ளைக் கோடு போடுவது.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள். அதற்குள் இரண்டு மதியச் சாப்பாடு. பாதையில் போகிற ஆள் சந்தியைக் கடக்க அரை நிமிடம் ஆகும். உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம். பாதையை அவரால் மூட முடியாது. சாப்பாட்டை?

பதினொரு மணிக்கு அக்கா ஏழாம் சந்திக்குப் போனார். யாரும் இல்லை. கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினார். கெட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறுபது மீட்டர் தள்ளி, குறுகலான பக்கப் பாதையில் ஒரு சுவிட்சுப் பெட்டி பக்கத்தில் வைத்துச் செருகினார். டீ எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் வருவான் என்பது அவருடைய கணக்கு.

கணக்கு அரை நாள்கூடத் தாங்கவில்லை. பதினொன்றரைக்கு வந்த ஆறு பேரும் கெட்டிலைத் தேடிப் போனார்கள், பார்த்தார்கள், தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

"அங்க வேர்க்குதுக்கா. இருட்டு வேற. எலி வளைல உக்காந்து திங்கச் சொல்றீங்க," என்றான் ரேடியோ.

"எலி வளை ஏன் இடியறதில்லன்னு யோசிச்சிருக்கியா? சின்னதா இருக்கறதாலதான்."

"அப்ப நாங்க எலியாக்கா?"

"எலிக்கு அறிவு இருக்கு."

கொழுந்தன் இந்தப் பேச்சில் சேரவில்லை. அண்ணி பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் தலைக்கு நேர் மேலே நாக்கு தொங்கியது. பச்சை.

புதன்கிழமை அளந்தபோது ஆறு. இரண்டு நாளில் இரண்டு மில்லிமீட்டர். மொத்தம் நாற்பது. அக்கா மறுபடி கெட்டிலைக் கடத்தினார். இந்த முறை பழைய இடத்தின் பிளக் பாயிண்டில் காகிதத்தை மடித்துச் செருகிவிட்டுப் போனார். ரேடியோ அதை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்தான். "பெரிய மனுசி பண்ற வேலையாக்கா இது?" என்றான். பண்ணக்கூடாத வேலைதான், அவருக்கே தெரியும். பதினேழு வருடம் பாறையை அளந்தவர், கடைசியில் கெட்டில் திருடியாகி நிற்கிறார். பெஞ்சுக்கு எதிரில் நின்று அவர் ஒரே மூச்சில் கத்தினார்: "ஒங்க பொண்டாட்டிமாருக்கு யாருய்யா போன் பண்ணுவா? நான்தான் பண்ணணும்! அந்தப் போன எனக்குப் பண்ணத் தெரியாது, சொல்லிட்டேன்!"

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அன்று மாலை அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. கொழுந்தன் வந்தான். கையில் மண் ஒட்டிய மூன்று நாக்குகள், இரும்பு டேப், ஒரு சட்டைப்பை டைரி. கணவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். "அண்ணன் தம்பிக்குள்ள சண்டைன்னா நான் வெலக்கி விடலாம். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும்னா எனக்குப் பஸ் ஓட்டற வேலை இருக்கு," என்று சொல்லி மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

கொழுந்தன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நாக்குகளை வரிசையாக வைத்தான். தூசிக் கோடுகளை டேப்பால் அளந்தான். இரண்டு தடவை.

"பதினொண்ணு, பன்னெண்டு, பதினொண்ணு. நீங்க சொன்னது சரிதான். நீங்க கூட்டிச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் பாத்தேன்."

"கூட்டித்தான் சொன்னேன். அதுக்குப் பேரே கூட்டல்."

அவன் சிரிக்கவில்லை. டைரியைத் திறந்தான். எந்த நாள் எந்தச் சந்தியில் போல்ட் அடித்தோம் என்று எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்கு. சுத்தக்காரனாயிற்றே. விரலை வைத்துப் படித்தான்.

"நீங்க கீழ போனப்பறம் மொத நாக்கு பதினஞ்சு வாரம் இருந்துச்சு. ரெண்டாவது ஒம்போது வாரம். மூணாவது நாலு வாரம்." நிறுத்தினான். "இப்ப இருக்கறத மாட்டிப் பதினோரு நாள்தான் ஆகுது."

"ஆறு எறங்கிடுச்சு."

"ஆறா?" நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "ஏழாம் சந்திக்கு அடிக்கடி போறமாதிரி இருக்குதேன்னு பசங்ககிட்டயே சொன்னேன் அண்ணி. வேல ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சேனே தவிர..." பிறகு மெல்லக் கேட்டான்: "அவ்ளோ போல்ட் அடிச்சும் எப்படி?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் கிடந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கீழ்ப்பாதிப் பக்கங்களை மட்டும் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக் காட்டினார். "நீ தைச்சது இது. ரெண்டரை மீட்டர். தையல் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணுகூடப் பிரியாது." அழுத்திப் பிடித்ததை அப்படியே மொத்தமாகத் தாழ்த்தினார். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே வாய் திறந்தது. "பிரியறது உன் போல்ட்டுக்கு மேல. நீ அடிக்க அடிக்க அது ஒரே பலகையா ஆகுது. வந்தா மொத்தமா வரும்."

கொழுந்தன் அந்தத் திறந்த வாயையே பார்த்தான். "கொற சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன் அண்ணி."

"குறைதான் சொன்னேன். மூணு நாளா தொண்டை கிழியச் சொன்னேன். போல்ட்ட இல்ல, நாக்க மாத்தினத. அதக் கேக்கறதுக்கு முன்னாடி ரோஷம் வந்து உக்காந்துடுச்சு ஒனக்கு."

வியாழக்கிழமை காலை ஷிப்டு கீழே இறங்கியதும் கொழுந்தன் செய்த முதல் வேலை, பெஞ்சைக் கழற்றியது. நட்டுகளைப் பொட்டலம் கட்டி, அளவு வாரியாகப் பிரித்து வைத்தான். மேஜை, டியூப் லைட், கெட்டில் எல்லாம் பக்கப் பாதைக்குப் போயின. சந்தியின் நான்கு வாய்களிலும் சிவப்புச் சங்கிலி கட்டினான். மேனேஜரைக் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் யார் உத்தரவு என்று கேட்டதற்கு, "கூரையோட உத்தரவு, போய் மேல கேளுங்க," என்றானாம். ரேடியோ பத்து நிமிடம் முணுமுணுத்துவிட்டு, ஒரு மின்விசிறியை எங்கிருந்தோ இழுத்துவந்து எலி வளையில் மாட்டினான்.

மேலே, பத்தரை மணிக்குக் கூட்டம் தொடங்கியது. லாரி டயர், குடிநீர்த் தொட்டி, வருகைப் பதிவு என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. சங்கிலி கட்டிய செய்தி மேனேஜருக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தாவது பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க மச்சினன் என்னம்மா பண்ணியிருக்காரு? லோடர் எல்லாம் சுத்திக்கிட்டுப் போகுதாம்!"

"கொழுந்தன் சார்."

"யாரா இருந்தா என்ன? ஒன்பதாவது பொருள்னு சொல்லியிருக்கேனே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நாப்பத்திரண்டு சார் இன்னிக்குக் காலைல."

"பச்சையா, மஞ்சளா? அதச் சொல்லுங்க."

"பச்சை," என்றார் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளர்களில் வட்டம் வட்டமாக அலை ஓடியது. அப்புறம் போன் அடித்தது. பேசியது ரேடியோ. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வாக்கியத்தில் பேசி முடித்தான். "ஏழாம் சந்தி வந்துடுச்சு சார், ஆறு பேரும் இருக்கோம்."

விழுந்தது இருநூற்றைம்பது டன்னுக்கு மேல் இருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். பெஞ்சு இருந்த இடத்தில் நடுப்பலகை கிடந்தது. அதில் கொழுந்தனின் போல்ட்டுகள் வரிசை கலையாமல் நின்றன. நூல் பிடித்துப் பார்க்கலாம் போலிருந்தது. மேலே, பழைய கூரைக்கு மூன்று மீட்டர் உயரத்தில், பாறை ஒரு மழமழப்பான பரப்பில் பிரிந்திருந்தது.

மேனேஜர் கீழே இறங்கி வந்து சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வாயில் வந்தது அதேதான்: "பச்சையாத்தானேம்மா இருந்துச்சு?"

"இப்பவும் பச்சையாத்தான் சார் இருக்கும்," என்றார் அக்கா. "அடியில கெடக்கு. தோண்டிப் பாருங்க."

அன்றே மேனேஜர் மேல்தளத்து வேலையை நிறுத்தினார். மறுநாள் படிவத்தில் இரண்டு புதிய கட்டங்கள் வந்தன: நாக்கின் எண், மொத்த இறக்கம். விசாரணைக்கு வந்தவர்கள் மூன்று நாக்குகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். மாடிப் பால்கனியில் மூன்று தக்காளிச் செடிகள் சாய்ந்துவிட்டன.

வேலை அதோடு முடிந்ததா என்றால், வெள்ளிக்கிழமை மாலை அக்கா மேல்தளத்து வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கொழுந்தனைக் கூப்பிட்டார். மேல்தளத்தில் மொத்தம் இருபத்தேழு சந்திகள்.

"ஏழாம் சந்திய விடு. மிச்சம் இருபத்தாறு. இதுல எத்தன சந்தில நாக்க மாத்தின?"

கொழுந்தன் டைரியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"எல்லாத்துலயும் அண்ணி."

"எல்லாத்துலயுமா!"

"நல்லபடியா இருக்கட்டும்னுதான்..."

"பழசெல்லாம்? மாடில மூணுதானே பாத்தேன்?"

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன் அண்ணி. இந்தத் தெருவுல பாதி வீட்டுச் செடி அதுலதான் நிக்குது. பின் தெருவுலயும் கொஞ்சம். அண்ணனோட டிப்போக்காரங்களுக்கு ஒரு கட்டு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவரின் தோள்கள் குலுங்கின. அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்து, ஒரு புதிய பக்கத்தில் வீட்டு எண்களை வரிசையாக எழுதச் சொன்னார். கொழுந்தன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினான். ஐம்பத்து மூன்று வீடுகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, டார்ச்சும் இரும்பு டேப்பும் ஒரு கட்டு மூங்கில் குச்சியுமாக, இருவரும் முதல் வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். அங்கே பீன்ஸ் கொடி.